தன் காரியம் தானே பார்ப்பவர்கள் மட்டும்

6.6.94, திங்கள்

மலைப்பக்கம் மேகம். சாரல் வரும் என்று துணி எடுத்ததுதான் மிச்சம். வெறும் காற்று.

வீட்டுக்காரர் வந்தார். டேப் பிடித்து முன்னறையை அளந்தார், பிறகு சமையலறையை. நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் செத்த நேரம் நின்றிருந்தால் என்னையும் சேர்த்து அளந்திருப்பார். வீட்டை இடித்துவிட்டு மகனுக்கு மாடி கட்டப் போகிறாராம். ஆவணியில் ஆரம்பம். "தொந்தர லேது அக்கா, மெதுவா பாருங்க" என்கிறார். அவசரமில்லையாம். கையில் டேப்.

தங்கத்திடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். எதற்கும் சரிதான் அவளுக்கு. தங்கை என்றுதான் பேர், அவளுக்கும் அறுபத்தொன்று. புருஷன் போனபிறகு ஒன்பது வருஷமாக என்னோடு. இடது கையில் நடுக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நடையும் குட்டை குட்டையாக. கால் தரையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது.

அவள் மகன் சாமுவேல் ஓசூரிலிருந்து போன மாதமே எழுதியிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மதுரை ரோட்டில் முதியோர் இல்லம் இருக்கிறதாம். நல்ல காற்று, நல்ல கவனிப்பு. அவன் பார்த்ததில்லை. காற்றையும் கவனிப்பையும் ஓசூரிலிருந்தே கண்டுபிடித்துவிட்டான்.

புதன் போய்ப் பார்க்கிறேன். கேட்க வேண்டியவை:
பாத்ரூம் தரை. கதவு எந்தப் பக்கம் திறக்கும்.
டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை.
ராத்திரி யார் இருப்பார்கள்.
இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கலாமா.
தங்கம் சொன்னது: ஞாயிறு கோயிலுக்குப் பஸ் உண்டா, மீன் உண்டா.

8.6.94, புதன்

வெயில். ஸ்ரீவி. வரை உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து வேறு பஸ், நின்றுகொண்டே.

இல்லம் பார்க்க அழகு. வேப்பமரம், அரளி, புதுச் சுண்ணாம்பு. மேனேஜர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேச்சும் அப்படியே. எதைக் கேட்டாலும் "அதெல்லாம் பாத்துக்கிடலாம் சிஸ்டர்." நர்ஸாக இருந்தேன் என்று சொன்னதிலிருந்து சிஸ்டர்.

பாத்ரூம்: வழவழவென்று புது டைல்ஸ். ஈரம். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்தால் கதவைத் தள்ள முடியாதே என்றேன். யாரும் விழுந்ததில்லையாம்.

டாக்டர்: வாரம் தவறாமல். ரிஜிஸ்தரைக் காட்டச் சொன்னேன். கடைசிக் கையெழுத்து ஏப்ரல்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும் சுவிட்ச். அமுக்கினேன். சத்தமே இல்லை. கரண்டு இல்லை என்றார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தோம். பிறகு அவர் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார்.

இரண்டு பேர் ஒரே அறையில்: இருக்கலாம்.

ஆபீஸ் சுவரில் விதிகள். ஏழாவது, 'தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.' தன் காரியத்தைத் தானே பார்க்கிறவர்கள் இங்கே எதற்கு வரப்போகிறார்கள். வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தங்கத்தின் கையைப் பற்றியும் சொல்லவில்லை.

திரும்பும்போது பால்கோவா வாங்கினேன். தங்கம் ஒரே மூச்சில் பாதி தீர்த்தாள். எப்படி இருந்தது என்று அவள் கேட்கவே இல்லை.

9.6.94, வியாழன்

சாமுவேல் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டான். டைல்ஸ், மணி, ரிஜிஸ்தர் எல்லாம் சொன்னேன். "பெரியம்மா, நீங்க எங்க போனாலும் குத்தம்தான் பாப்பீங்க" என்றான். முப்பத்து மூன்று வருஷம் குற்றம் பார்த்ததால்தான் வார்டில் பலர் பிழைத்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் லைன் கட்.

இரண்டு இடம் வீடு பார்த்தாயிற்று. ஒன்று மாடி. மற்றதில் இரண்டு கிழவிகளுக்குத் தரமாட்டார்களாம்.

11.6.94, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தங்கத்தையும் கூட்டிப்போனேன். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே பழக்கினேன். கைப்பையை இடது கையில் இறுக்கிப் பிடி, நடுக்கம் தெரியாது; நான் முன்னால் நடக்கிறேன், நீ மெதுவாகப் பின்னால் வா; அதிகம் பேசாதே. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். நோயை மறைத்ததற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

கால் மணி நேரம் எல்லாம் சரியாகப் போனது. பிறகு காபி கொண்டுவந்தார்கள், சாஸரோடு. தங்கம் வாங்கினாள். கப்பும் சாஸரும் கடகடவென்று அடித்துக்கொண்டன. நிறுத்த முடியவில்லை அவளால். நான் எட்டிப் பிடிப்பதற்குள் பாதி காபி சேலையில்.

அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நரம்புத் தளர்ச்சி, சும்மா, என்று ஆரம்பித்தேன். தங்கம் குறுக்கே பேசினாள். "நடுக்குவாதம் சார். ரெண்டு வருசமா இருக்கு. இனி கூடத்தான் செய்யும். பட்டன் போட அக்கா வேணும். சோறு நானே சாப்டுருவேன்."

அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நீங்கள் நாளைக்கே வரலாம் சிஸ்டர். அவர்களுக்கு மட்டும் விதி இடம் கொடுக்காது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது தங்கம், "நீ போக்கா. நான் ஓசூருக்குப் போறேன்" என்றாள். ஓசூரில் இவளை யார் கூப்பிட்டார்கள். கத்திவிட்டேன், பஸ் ஸ்டாண்டில், பூக்காரி திரும்பிப் பார்க்கும்படி. வீடு வரை அவள் நாலடி பின்னால்.

சேலையில் கறை போகவில்லை.

13.6.94, திங்கள்

மேனேஜரிடமிருந்து கார்டு. இரண்டு நாள் தங்கிப் பாருங்கள், விருந்தாளியாக. என்னை மட்டும்.

போகமாட்டேன் என்றேன். தங்கம் போ என்கிறாள். "நீ உள்ள இருந்து பாத்தாத்தான் அந்த ஆளு மறைக்கிறது தெரியும்." அப்படியானால் வெள்ளி. எதிர்வீட்டு அம்மாளிடம் தங்கத்தின் பட்டனைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

17.6.94, வெள்ளி. இல்லத்தில்

சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. தயிர் நல்ல தயிர். மெத்தை பள்ளம், நடுவில் உருண்டுவிடுகிறேன். மீன் கிடையாது, முட்டை ஞாயிறு மட்டும்.

பதினான்கு பேர். பக்கத்து அறையில் தாயம்மாள் டீச்சர், வத்திராயிருப்புக்காரர், எழுபத்து நாலு வயது. கணக்கு டீச்சராக இருந்தவர். நான் கேட்காமலே சொன்னார். யாராவது பார்க்க வரும் நாளில் மட்டும் ஆயா இரண்டு பேர், மற்ற நாள் ஒருத்தி. மணி போன வருஷமே கெட்டுப்போனது. "மேனேஜர் கெட்டவர் இல்ல, சிஸ்டர். பயந்தவர். கமிட்டிக்காரங்க திட்டுவாங்கன்னு ஒண்ணையும் கேக்க மாட்டார்."

அப்படியிருந்தும் ஏன் இருக்கிறீர்கள் என்றேன். மகன் வீட்டில் என்னிடம் யாரும் பேசமாட்டார்கள், இங்கே சண்டை போடவாவது ஆள் உண்டு என்றார். சிரித்துக்கொண்டேதான். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

18.6.94, சனி

கை வலி. சுருக்கமாக.

காலை ஆறே கால். பாத்ரூமில் சத்தம். தாயம்மாள் டீச்சர். உள்ளே தாழ்ப்பாள், கதவுக்குக் குறுக்கே அவர் உடம்பு. மேனேஜர் ஓடி வந்து கதவைத் தள்ளினார். தள்ளாதீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் நடுங்கிப்போனார். தோட்டக்காரர் கடப்பாறையால் கதவின் மேல்பலகையைப் பெயர்த்துக் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். அங்குலம் அங்குலமாகத் தள்ளி, நான் ஒருத்தி மட்டும் நுழைகிற சந்து. ஒல்லியாக இருந்ததற்கு முதல் தடவையாகப் பிரயோஜனம்.

ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இடுப்பு எலும்பு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. டீச்சருக்கும். "ஒடிஞ்சிருச்சா சிஸ்டர்" என்று கேட்டார், அழாமல். ஆமாம் என்றேன்.

கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, சேலையால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கட்டில் பலகையில் ஏற்றினோம். மில் வேன் ஒன்றை ரோட்டில் மறித்தார் தோட்டக்காரர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை டீச்சர் என் மணிக்கட்டை விடவில்லை.

திரும்பி வந்தால் மேனேஜர் ஆபீஸில் தலையைப் பிடித்தபடி. எழுந்து கும்பிட்டார். "நீங்க மட்டும் இல்லேன்னா. சிஸ்டர், நீங்க இங்கேயே வந்துருங்க. நர்ஸ் மாதிரி. நல்ல ரூமாத் தாரேன்."

கவனிக்க ஆள் வேண்டும் என்று இடம் தேடி வந்தவளிடம் கவனிக்க வா என்கிறார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

20.6.94, திங்கள்

தங்கத்தோடு ஆஸ்பத்திரி. டீச்சர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மகன் வந்து பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இனிமே நான் தானா நடக்க மாட்டேன்ல. அப்ப ஏழாவது விதிப்படி எனக்கும் அங்க இடம் இல்லல்ல." கணக்கு டீச்சர். விடையைத் தெரிந்துகொண்டே கேட்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வெளியே வந்து நர்ஸ் ஒருத்தியிடம் படுக்கை விரிப்பு கசங்கியிருக்கிறது என்று சண்டை போட்டேன். பாவம், சின்னப் பெண்.

தங்கம் டீச்சருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நடுங்கும் கையால். பாதி கழுத்தில் சிந்தியது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

22.6.94, புதன்

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். வருகிறேன், நர்ஸாக இல்லை. இரண்டு ஆயாக்களுக்கு வேலை கற்றுத் தருகிறேன், தூக்க, திருப்ப, குளிப்பாட்ட. ராத்திரி எழமாட்டேன். பாத்ரூம் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுவரில் பிடி. தரையில் சொரசொரப்புக் கல். டீச்சரின் கட்டில் டீச்சருக்கே. தங்கம் என் அறையில். ஏழாவது விதியை எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதெல்லாம் பாத்துக்கிடலாம் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கமிட்டியிடம்தான் கேட்க வேண்டுமாம். நானே கேட்கிறேன் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

25.6.94, சனி

தங்கத்தோடு போனேன். கமிட்டி மூன்று பேர். ஒருவர் தூங்கினார். ஒருவர் கடிகாரம் பார்த்தார். தலைவர் மட்டும் பேசினார்.

கதவு, பிடி, கல்: சரி. ஆயாக்கள்: சரி. டீச்சர்: இல்லத்தில் இருக்கும்போது விழுந்ததால் சரி. விதியை எடுக்க முடியாது. எடுத்தால் படுத்த படுக்கையாக இருப்பவர்களை எல்லாம் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்களாம். அது பொய்யில்லை, வார்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. தங்கத்தை வேண்டுமானால் மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாமாம்.

வைத்துப் பார்க்க அவள் என்ன குக்கரா. எழுந்துவிட்டேன். தங்கம் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அவளே பேசினாள், நிதானமாக.

"சரிங்கய்யா. மூணு மாசம் நீங்க என்னயப் பாருங்க. நாங்களும் உங்களப் பாக்கோம். சரியில்லேன்னா நாங்களே போயிருவோம்."

தூங்கியவர் கண்ணைத் திறந்து, "அந்தம்மா சொல்றது நியாயம்தான" என்றார். முடிந்தது.

வெளியே வந்ததும், போவதற்கு எங்கேடி இடம் இருக்கிறது என்று கேட்டேன். "அது அவியளுக்குத் தெரியுமா" என்றாள்.

2.7.94, சனி

சாரல். தட்டுமுட்டெல்லாம் ஒரு மினி லாரி. வீட்டுக்காரர் வழியனுப்ப வந்து அழுதார். அவர் ஏன் அழ வேண்டும் என்று எரிச்சல். நானும் அழுததில் அதைவிட எரிச்சல்.

தச்சர் இன்னும் இரண்டு கதவு பாக்கி வைத்திருக்கிறார். திங்கள் என்கிறார். கல் பதித்தது கோணல். டீச்சர் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அவர் கட்டிலில் மேனேஜர் பழைய பைல்களை அடுக்கியிருந்தார், எடுக்க வைத்தேன்.

சேர்க்கைப் படிவம் இரண்டு. தங்கம் தன்னுடையதைத் தானே எழுதினாள். நான் பேனாவைக் கேட்டேன், தரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. 'அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்' என்ற இடத்தில் என் பெயர். உறவு: அக்கா. நான் என்னுடையதில் அவள் பெயரை எழுதியிருந்தேன்.

மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிஸ்டர், இது வெளியில் இருக்கிறவர்கள் பேராக இருக்க வேண்டும், ஓசூர் மகன் பேரை எழுதுங்கள் என்றார். அவசரமாக ஓசூரிலிருந்து வர எம்புட்டு நேரம் ஆகும் என்று தங்கம் கேட்டாள். பத்து மணி நேரம் என்றார். "அக்கா பக்கத்துக் கட்டில்லதான கெடக்கா" என்றாள்.

அவர் படிவங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். என் பேனாவையும் சேர்த்து. இதைப் பென்சிலில் எழுதுகிறேன். காலையில் முதல் வேலையாகப் போய் வாங்க வேண்டும்.