அம்பாசடருக்கு ஏற்றிய புது கேஸ்

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் பெரியப்பா முத்துவீரன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா மாரிக்கனியும் உன் அப்பா அம்மாவும் சுகம், என் வயிறு மட்டும் ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு மருந்து டாக்டரிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சௌக்கியம்தானே, பையன் இப்போதாவது பருப்புச் சோறு தின்கிறானா, இல்லை ரொட்டியைக் கடித்தே வளர்கிறானா? போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். குடும்ப வாட்ஸ்அப்பில் நான் ஒரு புள்ளி வைத்தாலும் உன் சித்தப்பன் வேல்பாண்டி அதை எனக்கு முன்னால் படித்துவிடுகிறான். இது அவன் கண்ணில் படக் கூடாத ராஜாங்க ரகசியம்.

போன மே மாதம் நீ வந்தபோது மதுரை விமான நிலையத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கார் கொண்டுவந்து நின்றோம். நீ நியாயமாக என் அம்பாசடரில்தான் ஏறினாய், உன் அப்பா பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அந்தப் பின்சீட்டில் தூங்கித்தானே நீ வளர்ந்தாய். ஆனால் என் கார் ஏசி அன்றைக்கு அடித்த காற்றில் அப்பளம் பொரித்திருக்கலாம். திருமங்கலத்தில் காபிக்கு நிறுத்தியபோது பையன் தக்காளியாகச் சிவந்து கத்தினான், நீ, பிள்ளைக்கு வேர்க்குது பெரியப்பா, சித்தப்பா கார்ல ஏறிக்கிடுதேன், வீட்ல பாப்போம் என்று சொல்லிவிட்டு மாறிவிட்டாய். தப்பில்லை தாயி, பெற்றவள் அதைத்தான் செய்வாள். ஆனால் அதற்குப் பிறகு உன் இரண்டு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவன் காருக்குப் பின்னாலேயே நான் வந்தேன் பார், ராஜ்ஜியத்தைத் தோற்ற பாண்டிய மன்னன்கூட அப்படி வந்திருக்க மாட்டான். கல்லுப்பட்டி தாண்டி அவன் என்னவோ சொன்னான், நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய், எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அது என்ன பேச்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டால், மறந்து போச்சுண்ணே என்கிறான். மறக்கிற முகமா அது.

அதோடு விட்டானா? மகாராஜபுரம் கல்யாணத்துக்கு உன் பெரியம்மாவைத் தன் காரில் கூட்டிப்போனான். அவள் திரும்பி வந்து, அது காரா, ஊட்டியில்லா என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். என் சோற்றைத் தின்றுகொண்டே என் எதிரிக்குச் சாட்சி சொன்னாள். அன்றைக்குத்தான் அம்பாசடரை ராஜபாளையத்துக்கு ஓட்டிப்போய் ஏசி மெக்கானிக் ஜபருல்லா முன்னால் நிறுத்தினேன். அதில் இருந்த பழைய கேஸ் இப்போது கிடைக்காதாம், வானத்தில் ஓட்டை போடுகிறதென்று உலகமே நிறுத்திவிட்டதாம், அந்த ஓட்டையை நான்தான் தனியாளாகக் குடைந்தது போல என்னை ஏற இறங்கப் பார்த்தான். புது கேஸ் போட வேண்டுமென்றால் சும்மா ஊற்ற முடியாது, பழைய ஆயிலுக்கும் இதற்கும் ஒத்துப்போகாது என்று குழாயையெல்லாம் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, ஈரம் உறிஞ்சுகிற டப்பாவைப் புதிதாக வைத்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் மோட்டார் போட்டு இழுத்தான். ஒரு யானைக்கு வைத்தியம் பார்த்திருந்தால்கூட அம்புட்டு வேலை இருந்திருக்காது.

கடைசியில்தான் என் புத்தி வேலை செய்தது. கேஸ் ஏற்றும்போது அவன், அண்ணாச்சி, இது பழைய அளவுக்கு ஏத்தக் கூடாது, கம்மியாத்தான் ஏத்தணும் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வீட்டுப் பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைக்கிறவனுக்குத்தானே இன்னொரு கரண்டி வைப்போம்? ஏலே, வேல்பாண்டி காரை விட ஒரு பிடி கூடவே ஏத்து, என் காரு ஏப்பம் விடட்டும் என்றேன். எம்புட்டோ சொல்லிப் பார்த்தான். பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றினான். அந்த வேகத்தில் வேல்பாண்டியைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்கார வைத்து வெள்ளோட்டம் விட்டேன். மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் டக்கென்று ஒரு சத்தம், பிரஷர் ஏறி ஏசி தானாக நின்றுவிட்டது, சுடுமூச்சு மட்டும் வந்தது. உன் சித்தப்பன் சிரித்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருப்பேன். அவன் கண்ணாடியை மெல்ல, மிக மெல்ல இறக்கினான். அந்தக் கண்ணாடி இறங்கின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் ஜபருல்லா, பந்தியில வச்சது கூடிப்போச்சோ அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்டே கூடுதல் கேஸை மெஷினில் திரும்ப இழுத்தான், அளவாக வைத்தான். அதற்குப் பிறகு வந்தது பார் ஒரு குளிர், இமயமலை வத்திராயிருப்புப் பக்கம் தவழ்ந்து வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். உன் பெரியம்மா ஏறின செத்த நேரத்தில் தூங்கிப்போனாள், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேல்பாண்டி வந்து உட்கார்ந்து, காற்று வருகிற ஓட்டையில் கையை வைத்து வைத்துப் பார்த்தான். ஆனால் அன்று சாயந்திரமே, இந்த வருஷம் நீ வருகிற பேச்சு வந்ததும், உன் அப்பா முன்னிலையில், பாப்பாவைக் கூப்பிட ரெண்டு காரு எதுக்குண்ணே, ஒங்க கார்லயே நானும் வாரேன், பேசிக்கிட்டே வரலாம் என்கிறான். உன்னை உட்கார வைக்க நான் காரைக் குளிர வைத்தால், உன் பக்கத்து இடத்தை அவன் இப்போதே துண்டு போட்டுப் பிடிக்கிறான். உன் அப்பா பட்டாளத்துக்காரன் அல்லவா, இரண்டு பக்கமும் சேராமல் எல்லையிலேயே நின்று மீசையைத் தடவுகிறான்.

ஆகையால் மகளே, நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் விமானம் மதுரைக்குக் காலையில் வருகிறது என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும், மற்றவர்களிடம் சாயந்திரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழுவில் நீ டிக்கெட்டைப் போட்டுவிடாதே, சித்தப்பா கேட்டாலும் சாயந்திரம் என்றே சொல், பாவம் என்னைச் சேரட்டும். வீட்டு வாசலில் நீ கால் வைத்துவிட்டால் ஊருக்கே பொதுச் சொத்து, உன் அம்மா ஒரு பக்கம் இழுப்பாள், பெரியம்மா ஒரு பக்கம் இழுப்பாள், அக்கம்பக்கமெல்லாம் வந்து உட்காரும், கிளம்புகிறவரை நான் சாப்பாட்டுத் தட்டு எடுக்கும்போதுதான் உன் முகத்தைப் பார்ப்பேன். மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற ரோடு ஒன்றுதான் எனக்கு மிச்சம். போன வருஷம் அதில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், இந்த வருஷம் ஒரு முழம்கூடக் கொடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ ஆண்டாள் துணையிருப்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பையனின் கம்பளிச் சட்டையைப் பெரிய பெட்டியில் அடைத்துவிடாமல் கையோடு எடுத்து வா, மதுரையில் இறங்கியதும் தேவைப்படும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
பெரியப்பா முத்துவீரன்