கர்தினாலின் கிழிந்த காது

அன்புள்ள என் அம்மாடிக்கு,

இங்கே அப்பா நலம், முழங்கால் மட்டும் பாதி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவப் போவதில்லை, இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும், அதற்காகத்தான் போன் இருந்தும் பேனாவை எடுத்திருக்கிறேன். அதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ "கர்தினால் எங்கப்பா?" என்று கேட்டாய், நான் "தூங்குறான்மா" என்றேன். பொய். அன்றைக்கு நம் பூனை காணாமல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. பதறாதே, கிடைத்துவிட்டான், முழுசாகத்தான் இருக்கிறான், கிட்டத்தட்ட முழுசாக.

என் பொழுதுகள் உனக்குத் தெரியும். காலையில் டீயோடு சன்னலோரம் உட்கார்ந்து பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதுவது, அப்புறம் இங்கிலாந்தின் டியூடர் ராஜவம்சத்துப் புத்தகங்கள், வெயில் ஏறியதும் பென்சிலும் வர்ணப் பெட்டியும். கல்லூரியில் முப்பத்தொரு வருடம் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்த ராஜாக்களையும் ராணிகளையும் இப்போதுதான் யாருக்கும் மார்க் போடவேண்டிய கவலை இல்லாமல் வாசிக்கிறேன், அவர்கள் என்ன சட்டை போட்டார்கள், யாரோடு கோபித்துக்கொண்டார்கள் என்று அக்கம்பக்கத்து வீட்டு வம்பு மாதிரி சுவாரசியமாக இருக்கிறது. கர்தினால் நான் வாசிக்கிற பக்கத்தின்மேலேயே வந்து உட்காருவான், எதிர்ப்பக்கத்தில் உட்காரமாட்டான். அந்தச் செம்பட்டை நிறத்தையும் தொந்தியையும் திமிர் நடையையும் பார்த்து எட்டாம் ஹென்றி ராஜா காலத்துச் சிவப்பு அங்கி மதகுரு மாதிரி கர்தினால் என்று நீ பேர் வைத்தது எவ்வளவு சரி. அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கம் காலியாக இருந்தது. மத்தியானமும் வரவில்லை. புதன்கிழமை தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன், வயசான ஆள் நடுத்தெருவில் நின்று "கர்தினால், கர்தினால்" என்று கத்தினால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள். வியாழக்கிழமை காலை சன்னல் கட்டையிலேயே இரண்டு குருவிகள் வந்து உட்கார்ந்தன. அத்தனை பக்கத்தில் ஒரு பறவை வராதா என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன், வந்தபோது பார்க்க மனசில்லாமல் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

அன்றைக்கே 'காணவில்லை' என்று ஒட்ட அவன் படம் ஒன்று வரைந்தேன். நல்ல படம்தான், நானே சொல்லக்கூடாது. நாற்பது நகல் எடுத்துக் கம்பம் கம்பமாக ஒட்டினேன், ஒருவரும் வரவில்லை. ஞாயிறு சாயங்காலம், உன்னிடம் பொய் சொல்லிப் போனை வைத்த பிறகு, மிச்சமிருந்த ஒரு நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. படத்தில் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய பூனை. இரண்டு காதும் முழுசு, இடுப்பு ஒடிசல், முகத்தில் நரை கிடையாது. நீ வீட்டில் இருந்தபோது உன் மடியில் கிடந்த கர்தினாலை நினைப்பிலிருந்து வரைந்து வைத்திருக்கிறேன். அவன் இடது காது சண்டையில் கிழிந்து இரண்டு வருடமாகிறது, அதையும் உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஹென்றி ராஜா படத்தைப் பார்த்துப் பெண்ணுக்குச் சம்மதித்து, நேரில் பார்த்ததும் முகம் சுளித்த கதையைச் சின்ன வயதில் நீ திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாயே, படம் பொய்யா, ராஜாவின் கண் பொய்யா என்று இன்னும் வழக்குத் தீரவில்லை, என் படம் பொய் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை காலை வேறொன்று வரைந்தேன், கிழிந்த காது, தொந்தி, ஒரு கண்ணில் எப்போதும் இருக்கிற அழுக்கு எல்லாம் சேர்த்து. பசை காய்வதற்குள் தையல் கடையிலிருந்து ஒரு அம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். "சார், இது எங்க மாப்பிள்ளையாச்சே! மூணு நாளா அந்த இன்னொரு படத்தத் தாண்டித்தான் போறேன், யார் வீட்டு அழகான பூனையோ பாவம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

கேள் கதையை. நம் கர்தினால் நாலு வருடமாக அந்த அம்மா கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறான். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவானாம், எது போட்டாலும் முகர்ந்து பார்த்துக் குறை சொல்வதுபோல் ஒரு பார்வை பார்ப்பானாம், தின்றுவிட்டுத் தூங்கி எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவானாம், அதனால் மாப்பிள்ளை. அந்தச் செவ்வாய்க்கிழமை தகரக் கூரையிலிருந்து விழுந்து பின்னங்கால் முறிந்துவிட்டது. கால்நடை டாக்டரை அவரே கூட்டிவந்து கட்டுப்போட்டு, பத்துப் பதினைந்து நாள் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் வெட்டுத்துணிப் பெட்டியில் படுக்க வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை கத்தினான் அம்மாடி. நான் அங்கேயே தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க அந்த அம்மாதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கே போகிறேன். அவர் தைப்பார், நான் டியூடர் கதை சொல்வேன். அந்தக் காலத்தில் கவுனுக்குக் கை தனியாக இருக்கும், நாடா போட்டுக் கட்டிக்கொள்வார்கள் என்றேன், மிஷினை நிறுத்திவிட்டு "அப்ப அழுக்கான கைய மட்டும் கழட்டித் தொவச்சுக்கலாம்! எவ்ளோ புத்திசாலிங்க சார்!" என்றார். நேற்று பேச்சுவாக்கில் உன்னிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல், "பொண்ணுகிட்ட உங்க கஷ்டத்த மறச்சா அவங்க மட்டும் அவங்க கஷ்டத்தச் சொல்லுவாங்களா சார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால், அம்மாடி, இரண்டு மாதமாக உன் போனில் முகம் தெரிவதில்லை. கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். ஒரு தடவை உன் ஆபீஸ் நேரத்தில் தவறிப்போய்க் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தாய், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. "நல்லா இருக்கேன்பா" என்று நீ சொல்கிற அந்த இரண்டு வார்த்தை மாறாமல் ஒரே சுருதியில் வருகிறது. ஒரு கடிதத்தில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதைப் பாருங்கள் என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

நேற்று வீட்டுக்கு வந்து, ஹென்றியின் அக்கா மார்கரெட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அவள் அம்மா இறந்திருந்தாள். கடிதத்தின் பெரும்பகுதி எழுத்தர் கையால் எழுதியது, உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், கூட வந்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்று முறையாக மரியாதையாக இருக்கும். கடைசியில் சில வரிகள் மட்டும் அவள் கையெழுத்து. இப்போது உங்களோடு இருந்தால் தேவலை என்றிருக்கிறது என்கிறாள். எத்தனையோ வகுப்புகளில் இதை நடத்தியிருக்கிறேன், மாணவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள், நானும் மணி அடித்ததும் கிளம்பிவிட்டேன். உன் அம்மா போய் நாலே மாதத்தில், இப்படிப்பட்ட வேலை மறுபடி கிடைக்காது, போ போ என்று உன்னை ஏற்றிவிட்டவன் நான்தான். நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன் என்று பயந்து விமான நிலையத்தில் பெட்டியின் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. உன்னை அனுப்பியது தப்பில்லை, ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியது.

ஆறு வருடமாக நீ எனக்கு எழுத்தர் பகுதியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாய், நானும் அதே மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு உன் கையால் எழுதிய வரிகள் வேண்டும். வேலை போயிருந்தால் போனதென்று எழுது, உடம்புக்கு முடியவில்லை என்றால் அதை எழுது, யாராவது மனசை நோகடித்திருந்தால் அதையும் எழுது. ஒன்றுமே இல்லை, நான்தான் கிழட்டுக் கற்பனை செய்கிறேன் என்றால் கேமராவைப் போட்டு முகத்தைக் காட்டித் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். என் பங்குக்கு முதலில் நானே எழுதிவிடுகிறேன், உன் அறை விளக்கைத் தினமும் சாயங்காலம் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அணைக்கிறேன், காரணம் ஒன்றும் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் எப்போதும் இருக்கும். கடைசியாக ஒன்று மறந்துவிடாதே, வருவதற்கு விசேஷமோ விடுமுறையோ வேண்டியதில்லை, சொல்லிவிட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை. உன்னிடம் இருக்கிற சாவிதான் இன்னும் இந்த வீட்டுக்கு. பூட்டை நான் மாற்றவே இல்லை.

உன் முகம் பார்க்க ஏங்கும்,
அப்பா