மக்காவுக்கல்ல, சிங்கப்பூருக்கு

1934 ஜனவரி, செவ்வாய் இரவு. காத்தான்குடி.

கப்பலில் எனக்கும் மனைவிக்கும் இடம் உறுதியாகிவிட்டது. கொழும்பு முகவரின் தந்தி இன்று பகல் கிடைத்தது. பினாங்கு, சிங்கப்பூர், ஹொங்கொங் பார்த்துத் திரும்பும் உல்லாசப் பயணம்.

மாலையில், என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும் பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து அழுதுகொண்டு வந்தாள். "மக்காவில என்ட மகன்ட கண்ணுக்காகத் துஆக் கேளுங்க காக்கா" என்றாள். நாங்கள் ஹஜ்ஜுக்குப் போவதாக மனைவியின் அண்ணன் மீராசா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவளிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

சற்று நேரத்தில் மீராசா பாய்ந்து வந்தார்.

"ஊர் வாயை மூடத்தானே மச்சான் அப்பிடிச் சொன்னன்! ஹஜ்ஜும் செய்யாம, பொஞ்சாதியக் கூட்டிட்டு ஊர் சுத்தப் போறீங்க எண்டா, நான் எப்பிடிப் பள்ளிவாசலுக்குப் போற?"

"திரும்பி வந்தா என்னை ஹாஜியார் எண்டுவாங்க மச்சான். அதுக்குப் பதில் சொல்றது நீங்களா? ஊருக்குப் பயந்து என்ட பத்திரிகையில ஒரு செய்தியையும் நான் மாத்தி எழுதல்ல. இதையும் மாத்த மாட்டன்."

"அப்ப தனியாப் போங்க. தங்கச்சிய அனுப்ப மாட்டன்."

"தங்கச்சிட்டையே கேளுங்க."

அவள் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் வைத்தாள். "சுபஹு தொழுதிட்டுச் சொல்றன்" என்றாள்.

நான் போவது நிச்சயம். அவள் வருவாளா என்பது விடியும்வரை தெரியாது. பெட்டியில் அடுக்கிய சேலைகளை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.