இடது இடுப்பு

பாலக்கோடு,
வியாழக்கிழமை

அன்புள்ள கலைவாணனுக்கு,

இனிகோ எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, ஒரே ஒரு தடவை முழுசாகப் படி. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் காரிமங்கலம் போய் உன் அம்மாவிடம் பெங்களூர் முகவரி வாங்கி வந்தேன். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லையாம்.

கோல்ஃப் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். எனக்கு இது மூன்றாவது முறை, கடைசி முறை. தேறினால் கோல்ஃப் ஆட்டக்காரன். தேறாவிட்டால் பை தூக்கும் கேடி வேலைகூட இல்லை. பயிற்சிக்கென்று கிளப் வேலையை விட்டுவிட்டல்லவா ஊருக்கு வந்தேன்! இந்தவாட்டியும் இல்லைன்னா அந்த மட்டைங்கள மறுபடி வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க என்று கட்டிய பெண்டாட்டி பிளசியே சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

நீ அன்றைக்குச் சொன்னது சரிடா. போன வாரம் நான் அடிப்பதை பிளசி வீடியோ எடுத்தாள். போட்டுப் பார்த்தேன். அதில் நிற்பது நானில்லை, நம் கர்னல் ஐயா. பாரம் முழுக்க வலது காலில். இடது இடுப்பு அசையவே இல்லை. கை மட்டும் வீசுகிறது, பந்து கிளம்பி வலது பக்கமாக வளைந்து ஓடுகிறது. பதினோரு வருடம் அவருக்கு மட்டைப் பை தூக்கினேன். அவரைப் பார்த்துத்தான் அடிக்கப் பழகினேன். இடுப்பில் ஆபரேஷன் ஆகி, திரும்ப முடியாமல்தான் மனுஷன் அப்படி அடித்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதுதான் முறை என்று நினைத்துவிட்டேன், மடையன்!

நல்லா இருக்கிற இடுப்ப வெச்சிக்கிட்டு எதுக்குடா நொண்டியாட்டம் அடிக்கிற என்று எல்லாக் கேடிகள் முன்னாலும் நீ கேட்டாய். ஐயா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அவரைத்தான் சொல்கிறாய் என்று கன்னத்தில் அறைந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஆறு மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

தக்காளி எடுத்து முடிந்த காட்டில்தான் இப்போது பழகுகிறேன். செடிக்கு ஊன்றிய குச்சி ஒன்றை இடது இடுப்புக்கு நாலு விரல் தள்ளி நட்டிருக்கிறேன். இறக்கி அடிக்கும்போது இடுப்பு அதில் இடிக்க வேண்டும். நூறு அடித்தால் பத்து தடவைதான் இடிக்கிறது. இடித்தாலோ பந்து இன்னும் மோசம். தரையில் உருளும், இல்லையென்றால் பக்கத்துக் காட்டுக்குப் போகும். இன்னொருக்கா வந்துதுன்னா கெணத்துலதான் போடுவேன் என்கிறார் அந்தக் காட்டுக்காரர் குப்புராஜ் அண்ணன். பழைய அடியும் போயிற்று, புதியதும் வரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து சோறு பிசைய முடியவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இடுப்பைத் திருப்பும்போதெல்லாம் ஐயாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. பாதியிலேயே நின்றுவிடுகிறேன்.

வீடியோவில் தப்பு தெரிகிறது, திருத்தும் வழி தெரியவில்லை. பத்து அடி பார்த்தால் போதும், யார் மட்டை வீசினாலும் அந்த ஸ்விங்கில் எங்கே கோளாறு என்று நீ பிரித்துச் சொல்லிவிடுவாய். திங்கட்கிழமை கிளப் லீவுதானே. ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறு. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். எத்தனை மணியானாலும் நிற்பேன்.

பிறத்தியார் பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வதுதான் நம் பிழைப்பு. இப்போது என் பந்து போகும் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கிறது, கலை. அடித்துவிட்டுக் குனிந்தே நிற்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். பக்கத்தில் நின்று, எங்கே போனது என்று மட்டும் சொல்.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் கண்கலங்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
இனிகோ