திருப்பி வைத்து எடுத்த படங்கள்

மகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யலாம் என்று இன்று காலை சமையலறை லாச்சியைத் திறந்தேன். கேக் தட்டில் விரிக்க ஒயில் பேப்பர் சுருளை இழுத்தபோது அதன் முனை சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. கடைசியாக உமது யன்னலில் ஒட்டுவதற்கு நான் வெட்டியது. அதற்குப் பிறகு இந்தச் சுருளை ஒருவரும் தொடவில்லை. மாவைப் பாதியில் விட்டுவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நீரும் நானும் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். உமது கணவர் காலமாகி, மகனும் வேலைக்கென்று கல்கரிக்குப் போன பிறகு, நீர் மரம் கடையும் வகுப்பொன்றில் சேர்ந்தீர். அங்கே நீர் ஒருவர்தான் பெண். ஒரு வருடத்துக்குள் உமது மல்வேர்ன் வீட்டு பேஸ்மென்றில் சின்னதாக ஒரு கடைசல் இயந்திரம் வந்து நின்றது. மேப்பிள் கட்டை, பக்கத்து வீட்டுக்காரர் வெட்டி எறிந்த லைலாக் மரக் கொப்பு, எல்லாம் உமது கையில் பேனையாகின. அவற்றை இணையத்தில் போட்டு விற்க நினைத்தீர். ஃபோனில் நீர் எடுத்த படங்களை இடைவேளையில் எனக்குக் காட்டினீர்.

"கூட்டுற தும்புத்தடி மாதிரியெல்லோ கிடக்குதுகள்" என்று நீரே சிரித்தீர். "நீர் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறனீர்தானே. இதுகளையும் ஒருக்கா எடுத்துத் தாருமன்."

அப்படித்தான் சனிக்கிழமைக் காலைகளில் நான் என் பிக்கரிங் வீட்டிலிருந்து வரத் தொடங்கினேன். வெயில் நேரே விழாத உமது சாப்பாட்டறை யன்னலில் ஒயில் பேப்பரை ஒட்டி வெளிச்சத்தை மென்மையாக்குவோம். மேசையில் வெள்ளை மட்டையை வளைத்து வைப்போம். பேனை உருளாமல் இருக்க அடியில் துளி களிமண். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால்தான் நிப்பின் அழகு தெரியும் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. நீர் பூசிய மெருகோ கண்ணாடி மாதிரி. ஒருநாள் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பேனையின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அது என் சுவெட்டர். அதற்குப் பிறகு கறுப்புத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். "செத்த வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிறீர்" என்று பகிடி பண்ணினீர். படம் எடுத்து முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். பிறகு தேத்தண்ணியோடு மத்தியானம் வரை கதைத்துக்கொண்டிருப்போம்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உமது கண்ணைத் தொட்டது மெல்ல மெல்லத்தான். முதலில் நீர் சொல்லவில்லை. கமராவுக்குள்ளால் பார்த்த எனக்குத்தான் தெரிந்தது. மரமும் உலோக வளையமும் சந்திக்கும் இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். அங்கே சின்னதாக ஒரு படி விழத் தொடங்கியிருந்தது. பிறகு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. கலியாணப் பெண்ணின் நல்ல பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பழகியவள் நான். பேனையைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். படத்தில் குறை தெரியவில்லை.

"நல்லா வந்திருக்கோ?" என்று கேட்பீர்.

"ஓம், நல்லா வந்திருக்கு."

இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கச் சொன்னேன். மார்ச் மாதத்தில் ஒருநாள் உளி இடறி உமது பெருவிரலைப் பிளந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோனார். ஏழு தையல். கல்கரியிலிருந்து பறந்து வந்த மகன் இயந்திரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போனான்.

கட்டுப் போட்ட கையோடு நீர் கதிரையில் இருந்தீர். என்னால் அடக்க முடியவில்லை.

"உம்மட பேனையள் கொஞ்ச நாளாச் சரியில்லை. நான்தான் திருப்பி வச்சு எடுத்தனான். அப்பவே சொல்லியிருந்தால் நீர் விட்டிருப்பீர்."

"எனக்குத் தெரியும்" என்றீர். "கண் தெரியாட்டிலும் விரலுக்குத் தெரியாதே?"

"பிறகேன் கடைஞ்சனீர்?"



"பேனை இல்லாட்டி நீர் சனிக்கிழமையில வரமாட்டீர்."

"விசர்க்கதை கதையாதையும். நான் வருவன்" என்றேன். என் குரலில் கோபம்கூட இருந்தது.

இரண்டு சனிக்கிழமை வந்தேன். மூன்றாவதில் ஒரு கலியாண வீடு. பிறகு மகளின் பள்ளிக்கூடச் சோதனை. பிறகு கார் பழுது. கார் திருத்தி வந்த பிறகும் வரவில்லை. அதற்கு என்னிடம் காரணமே இல்லை. நீர் ஃபோன் எடுத்துக் கூப்பிட்டீர்.

"படம் எடுக்க ஒண்டுமில்லை. சும்மா வாருமன், தேத்தண்ணி குடிப்பம்."

"அடுத்த சனி கட்டாயம் வாறன்" என்றேன்.

வியாழக்கிழமை உமது இதயம் நின்றுவிட்டது.

உமது மகன் அழைத்தான். மரண அறிவித்தலுக்கு அம்மாவின் நல்ல படம் ஒன்று வேண்டுமாம். "அன்ரி, you're the photographer, உங்களிட்டத்தான் இருக்கும்" என்றான். கணினியைத் திறந்து வருடம் வருடமாகத் தேடினேன். நூற்றுக்கணக்கில் பேனைகள். லைலாக் கட்டையின் ஊதாக் கோடு, மேப்பிளின் சுருள், ஒவ்வொன்றும் அதனதன் சிறந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உமது முகம் ஒன்றில்கூட இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும், களிமண்ணை அழுத்திவிட்டு விலகும் உமது இரண்டு விரல்கள். தெளிவில்லாமல் விழுந்ததால் அழிக்க நினைத்து மறந்துபோன படம். அதை அவனுக்கு அனுப்பவில்லை. அவர்கள் கடவுச்சீட்டுப் படத்தையே போட்டார்கள். அதில் நீர் யாரோ போல் இருந்தீர்.

இப்போதும் யாராவது "சும்மா வாருமன்" என்றால், அடுத்த கிழமை என்றுதான் வாயில் வருகிறது. அதை விழுங்கிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறேன். போன கிழமை மார்க்கம் வரை போய், ஒரு வேலையும் இல்லாமல், ஒரு பின்னேரம் முழுக்கத் தனியே இருக்கும் ஒரு சிநேகிதியோடு இருந்துவிட்டு வந்தேன். அவவுக்கு நல்ல சந்தோசம். உமது வீட்டுக்கு வர எனக்கு இருபது நிமிடம்தான் எடுத்திருக்கும்.