பிள்ளையாருக்கு லைசென்ஸ் வேண்டாம்

14-3-98, சனி

ஜீவனஹள்ளியில் டெய்லர் மணி அண்ணன் கடைச் சுவரில் பேண்ட் படம் வரைந்துகொண்டிருந்தேன். கார்ப்பரேஷன் ஆபீசர் ஸ்கூட்டரை நிறுத்தினார். “விளம்பரத்துக்கு லைசென்ஸ் எல்லி, எங்கே? சாமி படம்னா லைசென்ஸ் வேண்டாம்.”

அவர் போனதும் பேண்ட்டை அழித்தேன். பிள்ளையாரை வரைந்து, கழுத்தில் இஞ்சு டேப் மாட்டி, கையில் கத்தரி கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வந்த ஆபீசர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குள் வாசலில் தேங்காய், ஊதுவத்தி. கிழிந்த பேண்ட்டைத் தைக்க வந்தவர்கூட கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்.

“அழிச்சுடுப்பா” என்றார் மணி அண்ணன்.

கை வரவில்லை. “நீங்களே அழிங்கண்ணா” என்று பிரஷ்ஷை நீட்டினேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடையைப் பின்சந்துக்கு மாற்றுகிறாராம். புதுக்கடைச் சுவரில் பேண்ட் மட்டும் போதுமாம். லைசென்ஸுக்கு நான் எங்கே போவேன்?