கோடிச் சேலையும் விழாத ஓட்டும்

அன்புள்ள மாமா,

தேயிலைத் தோட்டம் முழுக்க உங்களை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் சொல்லும். எங்கள் வீட்டில் மட்டும் நீங்கள் மாமா. நாங்கள் ஓட்டுப் போட்ட அந்த ஒரே பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து, அம்மா தட்டிக் கொடுத்த ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டு, "இது என்ட தங்கச்சி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்களாம். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் திருச்சிப் பக்கம். சிங்களவரான உங்களை அவள் அன்றைக்கே அண்ணனாக்கிக்கொண்டாள். ஓட்டுக் கேட்க வருகிறவர் சொல்கிற உறவு கூட்டத்தோடு கலைந்துவிடும் என்று யார் சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை.

நீங்கள் போய்ப் பத்து நாள் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் இரங்கல் கூட்டம். நான்தான் பேச வேண்டும். ஹட்டனில் ஒரு புரொக்டர் வக்கீலிடம் கிளார்க்காக இருக்கிறேன், ஆங்கிலம் வாசிப்பேன் என்பதற்காகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கறுப்பையா என் தலையில் கட்டிவிட்டார். "இத்தன வருசம் பார்லிமெண்டுல இருந்த மனுசன். எதுக்கெதுக்குக் கை தூக்குனாருன்னு பாத்து எழுது தம்பி. சும்மா நல்லவரு வல்லவருன்னு அளக்காத" என்றார்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கே தெரியும், இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் எங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்துவிட்டன. இந்தியாவுக்குப் போகிறவர் யார், இங்கேயே இருக்க விரும்புகிறவர் யார் என்று தலைவர் லயம் லயமாகப் பெயர் எழுதி வருகிறார். எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் எழுதாமல் நிற்கிறது.

"அவரு நமக்குக் கை தூக்குனாரான்னு பாத்துச் சொல்லுடா. தூக்கியிருந்தா நா இங்கயே கெடக்குறேன். இல்லாட்டி திருச்சிக்கே போயிருவோம். நம்ம வேணும்னு ஒருத்தருகூடச் சொல்லாத நாட்டுல என்னாத்துக்கு இருக்கணும்?"

பார்த்தேன் மாமா. புரொக்டர் ஐயாவின் அலமாரியில் பாராளுமன்றப் பேச்சுகள் புத்தகம் புத்தகமாக இருக்கின்றன. ஓட்டெடுப்பு நடந்த இடத்தில் ஆதரித்தவர் பெயர்கள், அதன் கீழே எதிர்த்தவர் பெயர்கள். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அதில் விட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாமோ?

எங்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்றாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். எதிர்த்தவர்களில் உங்கள் பெயர். பேசியும் இருக்கிறீர்கள். காட்டை வெட்டி இந்த மலையைத் திருத்தியவனிடம் பாட்டனின் பிறப்புச் சாட்சி கேட்க நம்மில் எத்தனை பேருக்கு யோக்கியதை இருக்கிறது என்று சொந்த ஆட்களைப் பார்த்தே கேட்டிருக்கிறீர்கள். வாசித்தபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹட்டன் கடைவீதி முழுக்க நடப்பேன்.

சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம். ஆதரித்தவர்களில் உங்கள் பெயர். பேச்சு இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குள் எங்களுக்கு ஓட்டில்லாமல் போயிருந்தது. உங்களைக் கொழும்புக்கு அனுப்பியது சிங்களக் கிராமத்துச் சனம் மட்டும்தான். அதற்காகவா? அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்தில் சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் எங்கள் சனங்கள் புரொக்டர் வாசலில் நிற்கிறார்கள். அதை வாசித்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இதற்கும் உங்களுக்கு நன்றி சொல்லவா?

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த சட்டம். ஆதரவு. தோட்டப் பள்ளிக்கூடங்களை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பதில் வரவில்லை. நீங்கள் மறுபடி கேட்கவும் இல்லை.

இதில் எந்த ஆள் நீங்கள்?

பிரஜாவுரிமைக்கும் மொழிக்கும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். எங்கள் ஓட்டைப் பறித்த சட்டம். ஆதரித்தவர்களில் உங்கள் பெயர் இல்லை. எதிர்த்தவர்களிலும் இல்லை. விரல் வைத்து இரண்டு தடவை தேடினேன். அப்புறம்தான் பக்கத்தின் மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். அது அப்பாவின் கருமாதி நாள்.

புருஷனை இழந்தவளுக்குப் பதினாறாம் நாள் பிறந்த வீட்டார் வந்து கோடிச் சேலை போர்த்த வேண்டும். போர்த்த ஆளில்லாதவளை நாதியற்றவள் என்று லயம் சொல்லும். அம்மா கேட்டுக்கொண்டபடி தலைவர் உங்களுக்குக் கடிதம் எழுதினார். இன்ன தேதி, அண்ணன் முறைக்கு நீங்கள்தான் கோடி போட வேண்டும், தவறாமல் வரவும். நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போடுறது தலைவர்?" என்று கேட்டீர்கள். ஒப்பாரி வைத்தவர்களே சிரித்துவிட்டார்கள். "அழ வேணாம் தங்கச்சி. அண்ணன் இருக்குதானே" என்றீர்கள்.

"பெரிய கங்காணி பொண்டாட்டிக்குக்கூட இப்புடி ஒரு கோடி வந்ததில்லடி" என்று பக்கத்து லயத்துக்காரி பொருமினாள்.

"பார்லிமெண்ட வுட்டுட்டு நம்ம வீட்டுக் காரியத்துக்கு வந்தாரு" என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவளுக்குத் தெரியாது.

நாங்கள் கூப்பிட்டதால் வந்தீர்களா மாமா? வரச் சாக்குக் கிடைத்ததென்று வந்தீர்களா? எதிர்த்தால் கிராமம் கோபிக்கும். ஆதரித்தால் தங்கச்சி முகத்தில் விழிக்க முடியாது. கருமாதிக்குப் போய்விட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. அப்படித்தானா? அன்றைக்கு ஓட்டெடுப்பு, வர முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்காதா? புரிந்திருக்காதோ என்னவோ. உங்கள் ஒரு ஓட்டால் சட்டம் கவிழ்ந்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் எதிர்த்தவர் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கும்.

நேற்று சாயங்காலம் அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவரும் பெயர் எழுதுகிற கொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்டாள்.

"அன்னிக்கி அவரு அங்க போகவே இல்லையா?"

"போகல. நம்ம வாசல்ல நின்னு சேல போத்திக்கிட்டு இருந்தாரு."

"ஒரு ஓட்டுல என்னத்தக் கவுத்திருக்கப் போறாரு? வுடு ராமாயி" என்றார் தலைவர்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. காயிதம் எழுதுனது நீங்க. எழுதச் சொன்னவ நானு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சேலைக்காகம்மா! மலை முழுக்க எல்லாரோட ஓட்டும் போன நாளு அது!"

"ஓட்டு இல்லாம நீ செத்தா போயிட்ட?"

"உசுரோடதான் இருக்கேன். ஒரு கவருமெண்டுக் கந்தோர்லயும் ஆளா மதிக்க மாட்டேங்கிறானே!"

"அன்னிக்கிக் கோடி வராம இருந்திருந்தா, இந்த லயத்துல என்னய யாருடா ஆளா மதிச்சிருப்பா?"

அவள் சொன்னது தப்பு என்று தெரிகிறது. எந்த இடத்தில் தப்பு என்று தெரியவில்லை.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "இங்கன்னு எழுதுங்க. கோடி வந்த எடந்தான் பொறந்த வீடு. திருச்சியில இருந்து அன்னிக்கி ஒரு காயிதங்கூட வரல."

கொழுந்துக் கறை படிந்த கட்டை விரலை மையில் அழுத்திக் கொப்பியில் வைத்தாள். இந்த நாடு அவளை வைத்துக்கொள்ளுமா என்று எவனுக்கும் தெரியாது. அவள் அதைக் கேட்கவே இல்லை. தலைவர் பேனாவோடு என்னைப் பார்த்தார். கூட்டம் முடியட்டும், என் பெயரை அப்புறம் எழுதலாம் என்றேன். "அந்தப் பாசைச் சட்டத்துக்கு மட்டும் ஏன் கை தூக்குனாருன்னு எனக்கு வெளங்கல" என்று அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். எனக்கும் விளங்கவில்லை மாமா.

ஞாயிற்றுக்கிழமை நாலு சட்டத்தையும் வாசிப்பேன். எதிர்த்ததை உரக்கவும் ஆதரித்ததை மெதுவாகவும் வாசிக்க மாட்டேன். எந்தப் பட்டியலிலும் உங்கள் பெயர் இல்லாத நாளைப் பற்றிச் சொல்லும்போது, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றும் சொல்வேன். அது சரியா தப்பா என்று சொல்ல மாட்டேன், தெரிந்தால்தானே சொல்வதற்கு. முன்வரிசையில் உங்கள் வீட்டார் இருப்பார்கள். அவர்களுக்காக எல்லாவற்றையும் சிங்களத்திலும் ஒரு தடவை சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி ராமாயியின் மகன்
முருகேசு